பழைய காசுகளை ஆன்லைனில் விற்பவர்களுக்கு: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ ஒரு விக்டோரியா ரூபாயின் படத்தைப் போட்டு விலையை எழுதினால் போதும், கேள்விகள் வரிசையாக வந்து விழும். ‘அண்ணா, இது ஒரிஜினலா?’, ‘ஏன் சார் இவ்ளோ விலை?’, ‘லாஸ்ட் எவ்ளோ?’, ‘எங்க பாட்டி பெட்டியிலயும் ஒண்ணு இருக்கு, எடுத்துக்குவீங்களா?’ பழகிய சேகரிப்பாளர்கள் இப்படிக் கேட்பதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், பிடித்தால் எடுப்பார்கள், இல்லையென்றால் போய்விடுவார்கள். கேட்பவர்கள் புதியவர்கள். இந்தச் சேகரிப்பில் அவர்கள் நிலைப்பதும், ஒரே ஒரு கசப்போடு விலகிப் போவதும் பெரும்பாலும் முதல் விற்பனையாளர் சொல்லும் பதிலைப் பொறுத்தே அமைகிறது.

என் அனுபவத்தில் நல்ல பதிலுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். கேட்டவர் தன் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளும்படி அது இருக்க வேண்டும். ‘பல வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், நம்பி வாங்குங்க’ என்பதைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. ‘எடை 11.61 கிராம், காந்தம் ஒட்டாது, வந்ததும் நிறுத்துப் பாருங்க’ என்பதை யாரும் சரிபார்க்கலாம். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒன்றைச் செய்வதற்குத்தான்.

படி 1: கேள்வி வருமுன்பே பாதிப் பதிலை எழுதிவிடுங்கள்

விற்பனைப் பதிவில் ‘பழமையான அரிய வெள்ளி நாணயம்’ என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மன்னர், ஆண்டு, மதிப்பு, நாணயச்சாலை, உலோகம், எடை, விட்டம், குறை என எட்டும் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு: ‘ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய், 1919, பம்பாய் (பூப் பக்கத்தில் கீழே சிறு புள்ளி இருக்கிறது), 91.7 சதவீத வெள்ளி, 11.61 கிராம், 30.5 மி.மீ. தலைப் பக்கத்தில் கன்னத்துக்கு எதிரே ஒரு கீறல், படம் 3 பார்க்கவும்.’

குறையை நீங்களே சொல்லிவிட்டால், காசு கைக்குப் போன பிறகு வரும் சண்டையில் பெரும்பகுதி வராது.

படங்களுக்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி காசை வையுங்கள். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் கீறல் மறைந்துவிடும். உங்களுக்கு அது வசதியாகத் தோன்றும், வாங்குபவருக்கு அநியாயம். தலை, பூ, விளிம்பு என மூன்று படம், காசை மெல்லச் சாய்த்துக் காட்டும் சில நொடி வீடியோ ஒன்று. தேய்க்கப்படாத காசில் சாய்க்கும்போது ஒளிப்பட்டை சுற்றி வரும்; பாலிஷ் போட்ட காசு எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி மின்னும். தராசின் மேல் காசு இருக்கும் படம் ஒன்றும் சேருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம் வாங்க வேண்டிய பொருள்.

படி 2: கேட்பவர் எந்த வகை என்று பிரியுங்கள்

‘இது எவ்ளோ போகும்?’ என்ற ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று காரணத்துக்காகக் கேட்பார்கள். ஒருவருக்கு வாங்க ஆசை. இன்னொருவரிடம் அதே மாதிரிக் காசு இருக்கிறது, விற்க வேண்டும். மூன்றாமவர் யூடியூபில் ‘இந்தக் காசு இருந்தால் நீங்கள் லட்சாதிபதி’ என்று பார்த்துவிட்டு வந்தவர். ‘வாங்கப் பார்க்கிறீங்களா, இல்ல உங்ககிட்ட ஒண்ணு இருக்கா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் நீளமாக விளக்கினால் இருவர் நேரமும் வீண்.

விற்க வருபவரிடம் இரண்டு விலையைச் சொல்லுங்கள்: சந்தையில் என்ன விலைக்கு விற்கிறது, நீங்கள் என்ன விலைக்கு எடுப்பீர்கள். இடையில் உள்ள தொகை உங்கள் லாபம் என்று மறைக்காமல் சொல்லலாம். பாட்டி விட்டுப்போன காசு என்றால் ‘அவசரமில்லைன்னா வீட்லயே வச்சிருங்க’ என்றும் சொல்லுங்கள். பலர் அதைக் கேட்கத்தான் வந்திருப்பார்கள்.

படி 3: ‘இது ஒரிஜினலா?’

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தைப் பதில் கூடாது. பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபாயை எடுத்துக்கொண்டு, நான் அனுப்பும் பதிலை அப்படியே தருகிறேன்:

‘தம்பி, வந்ததும் நீங்களே பாருங்க. முதல்ல காந்தம். ஒட்டினா வெள்ளி கிடையாது, திருப்பி அனுப்பிடுங்க. ஒட்டாததால மட்டும் ஒரிஜினல்னு முடிவு பண்ணாதீங்க, பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. அடுத்தது எடை. இந்த ரூபாயோட எடை 11.66 கிராம். புழங்கித் தேஞ்சதுல கொஞ்சம் குறையும், கூடக் கூடாது. மூணாவது விளிம்பு. வரிகள் சீரா இருக்கணும், நடுவுல சுத்திலும் ஒரு இணைப்புக் கோடு தெரிஞ்சா அது அச்சுல வார்த்த போலி.’

இதற்கும் மேல் கேட்கிறவர்களுக்குத் தண்ணீர்ச் சோதனையைச் சொல்லித் தருவேன். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டு வர வேண்டும். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். 91.7 சதவீத வெள்ளி ரூபாயானால் தராசு ஏறத்தாழ 1.13 காட்டும். 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3 வருகிறது, அதுதான் அந்த உலோகக் கலவையின் அடர்த்தி. பித்தளையிலோ ஜெர்மன் சில்வரிலோ (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்) அதே எடைக்குச் செய்த போலி 1.3-க்கு மேல் காட்டும். காசுக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை. பிறகு மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கக் கூடாது. ஒருமுறை இதைச் செய்து பார்த்தவர் அப்புறம் யாருடைய வாய்ப்பேச்சையும் நம்பி வெள்ளிக் காசு வாங்க மாட்டார்.

வெள்ளியிலேயே அடித்த போலிகளும் உண்டு. 1939-ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய்தான் இதில் பேர்போனது. உண்மையானது மிக அரிது, விலையும் அதிகம், அதனால் போலிகளுக்குப் பஞ்சமில்லை. வேறு ஆண்டுக் காசில் கடைசி இலக்கத்தைத் திருத்தியவையும் உலவுகின்றன. புதியவர் யாராவது ‘1939 ஒண்ணு மலிவா கிடைக்குது, வாங்கலாமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஆண்டுக் காசை என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்களின் உறையில், அதுவும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்த பிறகே வாங்கச் சொல்வது பாதுகாப்பு. உறையையும் போலியாகச் செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு உறுதி: ‘போலின்னு தெரிஞ்சா எப்ப வேணா முழுப் பணமும் திருப்பித் தரேன்.’ இதை எழுத்தில் கொடுங்கள். கொடுக்க மனம் வராத காசை விற்காதீர்கள்.

படி 4: ‘ஏன் இந்த விலை?’

பழையது என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கையோடுதான் எல்லோரும் வருகிறார்கள். இதைத் தெளிய வைக்க ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் செப்புக் காசைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் மன்னன் பெயரும். ஆயிரம் ஆண்டுப் பழமை. ஆனால் ஏராளமாக அடித்திருக்கிறார்கள், ஏராளமாகக் கிடைத்தும் இருக்கிறது. அதனால் சாதாரண நிலையில் உள்ளதன் விலை எளியவரின் கைக்கும் எட்டும். 1939 ரூபாய்க்கு நூறு வயதுகூட இல்லை, விலையோ பல மடங்கு. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை.

வெள்ளிக் காசுக்கு அடிமட்ட விலை ஒன்று உண்டு, அதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். 1939 வரையிலான ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், 11.66 கிராமில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். உலகப்போர் காலத்தில், 1940 முதல் 1945 வரை, வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதில் இருப்பது 5.83 கிராம்தான். புலி உருவம் கொண்ட 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். ‘ரெண்டும் ஒரே சைஸ்தானே, 1944-க்கு ஏன் கம்மி?’ என்று கேட்பவருக்கு இந்த மூன்று வரி போதும். அன்றைய வெள்ளி விலையால் அவரே பெருக்கிப் பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் நீங்கள் கேட்கும் தொகை எதற்கு என்று மட்டும் நீங்கள் விளக்கினால் போதும்.

அந்த மேல்தொகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். 1911 ரூபாய் நல்ல உதாரணம். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை உண்டு. அந்த ஆண்டு அச்சில் அதன் துதிக்கை குட்டையாகவும் கால்கள் தடித்தும் அமைந்து, பன்றி போலத் தெரிந்தது. மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பவே அரசு காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. இப்படி ஒரு காசை விற்கும்போது சங்கிலியின் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, 1911-ஐயும் 1912-ஐயும் அருகருகே வைத்துப் படம் அனுப்புங்கள். வாங்குபவர் வித்தியாசத்தைத் தன் கண்ணாலேயே காண்பார். வேறு விளக்கம் தேவைப்படாது.

குறிகளைப் பற்றிய கேள்விகள் நிறைய வரும், சுருக்கமாகவே பதில் சொல்லலாம். 1944, 1945 ரூபாய்களில் உள்ள ‘எல்’ எழுத்து லண்டனைக் குறிப்பதல்ல, லாகூர் நாணயச்சாலையைக் குறிப்பது. இன்றைய காசுகளில் ஆண்டெண்ணின் கீழ் நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் மும்பை, புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ‘நட்சத்திரம் இருக்கு, ரேரா?’ என்று கேட்டால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் ஏன் இத்தனை வகையாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவர் கூர்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள், பம்பாயில் புள்ளிகளால் ஆண்டைக் குறித்தார்கள். அவருக்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

படி 5: ‘என் காசு லட்சக்கணக்கில் போகுமாமே?’

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இது. கேட்பவர் பெரும்பாலும் பணக்கஷ்டத்தில் இருப்பவர். அவரைக் கேலி செய்யாதீர்கள்.

வைஷ்ணவ தேவி உருவம் கொண்ட 5, 10 ரூபாய்க் காசுகள் 2012-இல் புழக்கத்துக்காகவே வெளியிடப்பட்டவை. சாதாரணமாகத் தேய்ந்த காசுக்கு அதன் முகமதிப்பை விடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. தாமரை போட்ட மஞ்சள் நிற 20 பைசாவில் தங்கம் ஒரு துளியும் இல்லை. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கமும், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818’ என்பதோடு ‘அரை அணா’ அல்லது ‘ஒரு அணா’ என்று மறுபக்கமும் கொண்டவை கம்பெனி அடித்த காசே அல்ல, பிற்காலத்தில் பக்திக்காகவும் ஏமாற்றுவதற்காகவும் செய்த வில்லைகள். இந்தியா முழுமைக்கும் பொதுவான கம்பெனிக் காசுகள் 1835-இல்தான் தொடங்கின. ஒரு அணாவைக் கம்பெனி செம்பில் அடிக்கவே இல்லை. முதல் ஒரு அணாக் காசு ஏழாம் எட்வர்டு காலத்தில் செம்பு-நிக்கல் கலவையில் வந்தது. இந்தத் தகவலோடு பதில் சொன்னால், மறுப்பது எளிதாகவும் மரியாதையாகவும் இருக்கும்.

இதே வில்லைகளைத்தான் ‘அரிசியை இழுக்கும்’, ‘இரிடியம் கலந்தது’ என்று சொல்லி நம் ஊரில் குடும்பம் குடும்பமாக ஏமாற்றுகிறார்கள். யாராவது ‘அரிசி இழுக்குமா அண்ணா?’ என்று கேட்டால் விற்பனைப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, அது மோசடி என்றும், யாராவது முன்பணம் கேட்டிருந்தால் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

‘ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டணும்’ என்ற செய்தியையும் அனுப்பி உண்மையா என்று கேட்பார்கள். 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி இதற்கு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது: பழைய நோட்டு, காசு விற்பனையில் அது ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை. இந்தப் பதிலைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், வாரந்தோறும் தேவைப்படும்.

படி 6: ‘தேச்சுப் பளபளன்னு அனுப்புவீங்களா?’

மாட்டேன் என்று சொல்லுங்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் துலக்கும் பொடி என எதுவுமே காசில் படக் கூடாது. வெள்ளியின் மேல் ஏறிய கருமையும் செம்பின் மேல் ஏறிய பழுப்பும் சேகரிப்பாளர்கள் விரும்புபவை. தேய்த்ததும் நுண்ணிய கீறல்கள் விழுந்து விலை பாதிக்கும் கீழே இறங்கலாம். தரச்சான்று நிறுவனங்களும் தேய்த்த காசுக்குத் தர எண் தராமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று மட்டும் குறித்து அனுப்பிவிடும். பூஜை அறையில் வைக்கத்தான் வேண்டும் என்பவருக்கு ஏற்கெனவே தேய்க்கப்பட்ட, விலை குறைந்த ஒன்றைக் கொடுங்கள். அதில் தவறில்லை.

பத்திரமாக வைப்பது பற்றியும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், காலப்போக்கில் பச்சைப் பிசுக்கு காசில் ஏறும். மைலார் உறையோ அட்டை ஹோல்டரோ நல்லது. விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், முகத்தைத் தொடக் கூடாது.

படி 7: தரத்தைப் புரியும்படி சொல்லுங்கள்

‘விஎஃப்’, ‘எக்ஸ்எஃப்’, ‘யுஎன்சி’ என்று தரக் குறிகளை மட்டும் எழுதினால் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. தலைமுடி இழைகள் எவ்வளவு தெரிகின்றன, கிரீடத்தின் மணிகள் தனித்தனியாக இருக்கின்றனவா, எழுத்துகள் முழுமையா என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தரத்தை எழுதுங்கள். இரண்டு தரத்துக்கு நடுவே சந்தேகம் வந்தால் குறைந்ததையே போடுங்கள். ‘எரர் காயின்’ என்று யாராவது காட்டினால், அச்சில் நேர்ந்த பிழையா, பிறகு சுத்தியலாலோ பட்டறையிலோ நசுங்கியதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

படி 8: சட்டத்தை மறைக்காதீர்கள்

‘சிங்கப்பூர்ல இருக்கேன், அனுப்புவீங்களா?’ நம் மக்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டு நிறைந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘பரிசுப் பொருள்’ என்று எழுதி அனுப்புவதும் குற்றம்தான். தொல்பொருளை வணிகமாக விற்க உரிமம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பழங்காசுகளைத் தொழிலாகவே விற்பவர்கள் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை அல்லது திருச்சி வட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டு, தங்கள் நிலையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அண்மைக்கால நினைவு நாணயங்களைக் காட்டலாம்.

இதைவிட முக்கியமானது, ‘வயல்ல உழும்போது ஒரு சட்டி காசு கிடைச்சது’ என்று வரும் செய்தி. ஆசை வரும். தொடாதீர்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் இருக்கட்டும். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைத்ததால்தான் அந்த ஊரின் பழைய வணிகம் நமக்குத் தெரியவந்தது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்ற தகவல் போய்விட்டால் காசு வெறும் உலோகத் துண்டாகிவிடும். ஆட்சியர் அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

படி 9: பேரம், பணம், பார்சல்

‘லாஸ்ட் எவ்ளோ?’ என்பவருக்குக் கோபப்படத் தேவையில்லை. குறைக்க முடிந்தால் ஒரே ஒரு தொகையைச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ‘இதான் விலை, ரெண்டு சேர்த்து எடுத்தா தபால் செலவு என்னோடது’ என்று முடியுங்கள்.

பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண் போடச் சொல்பவர் மோசடிக்காரர். யுபிஐ-யில் பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை. இதை வாங்குபவர்களுக்கும் சொல்லி வையுங்கள், அவர்களும் நாளைக்கு விற்பவர்கள்தான்.

காசை ஹோல்டரில் போட்டு, தடித்த அட்டை இரண்டுக்கு நடுவே ஆடாமல் ஒட்டி, மேலே பபிள் உறை. குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது. கட்டும்போது வீடியோ எடுங்கள், பிரிக்கும்போது அவரையும் எடுக்கச் சொல்லுங்கள். விலை கூடியதைக் காப்பீடு செய்த தபாலில் அனுப்புங்கள்.

படி 10: ‘அடுத்து என்ன வாங்கலாம்?’

இந்தக் கேள்வி வந்தால், உங்களிடம் விற்காமல் தேங்கியதைத் தள்ளிவிடாதீர்கள். குறைந்த செலவில் முடிக்கக்கூடிய ஒரு வரிசையைக் காட்டுங்கள். 1957-இல் தசம முறை வந்தபோது தொடங்கிய நயா பைசா வரிசை நல்ல தொடக்கம். தமிழ் சார்ந்து வேண்டுமென்பவருக்கு, 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு வந்த 1, 2, 5 ரூபாய்க் காசுகள், 2003 காமராசர் நூற்றாண்டு 5 ரூபாய், 2009 அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் போன்றவை உண்டு. சென்னையில் இருப்பவரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். உண்மைக் காசுகளை நிறையப் பார்த்த கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும்.

இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு நயா பைசாவின் படத்தை அனுப்பி ‘இது எந்த மிண்ட்?’ என்று கேட்டால், பதிலைச் சொல்லாதீர்கள். ஆண்டெண்ணுக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பார்த்து, என்ன தெரிகிறது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.